ரிமோட் இல்லாம வந்த எக்ஸ்5சி: மே மாச நாட்குறிப்பு

மே 4, 2024, சனி

ஆபீஸ்ல பக்கத்து சீட்காரர் வீடு காலி பண்றாராம், "உங்க அக்கா பையன் லீவுக்கு வந்திருக்கான்ல, இத அவன்கிட்ட குடுத்துருங்க"ன்னு ஒரு ஜவுளிக்கடைப் பையக் கையில திணிச்சாரு. உள்ள சைமா எக்ஸ்5சி ட்ரோன். மூணாவது மாடி பால்கனியில இருந்து விழுந்ததாம். பெட்டி இல்ல, ரிமோட் இல்ல, மூட்ட கட்டுனதுல எங்க போச்சுன்னு அவருக்கே தெரியல. பையன் பாத்த உடனே "மாமா, இன்னைக்கே பறக்கவிடலாமா"ன்னு ஆரம்பிச்சிட்டான். கத்திரி வெயில் இன்னைக்குத்தான் ஆரம்பிச்சிருக்கு, மொட்டமாடியில கால் வெக்க முடியாதுடான்னு சொல்லித் தள்ளிப்போட்டேன்.

மேலோட்டமா பாத்த வரைக்கும் ஒரு இறக்கை பாதி காணோம், ஒரு கால் இல்ல, பின்பக்கக் கை ஒண்ணு பாடியோட சேர்ற எடத்துல விரிசல். பேட்டரி 3.7 வோல்ட் 500 எம்ஏஹெச் லைப்போ (லித்தியம் பாலிமர்), உப்பல, மீட்டர் வெச்சா 3.4 காட்டுது. உப்பியிருந்தா யோசிக்காம தூக்கிப் போட்டிருப்பேன், கொஞ்ச நேர ஆசைக்கு வீட்ட கொளுத்திக்க முடியாது. டைல்ஸ் தரையில வெச்சு, ஆள் பக்கத்துல இருந்து சார்ஜ் போட்டேன், 4.2க்கு ஏறி அங்கயே நின்னுது. செல் பொழச்சுக்கிச்சு.

மே 5, ஞாயிறு

காலையில பிரிச்சாச்சு. இந்த மாடல்ல மோட்டார்ல நேரா இறக்கை மாட்டுறதில்ல, மோட்டார் நுனியில குட்டி பித்தளை கியர், அது பெரிய பிளாஸ்டிக் கியரச் சுத்தும், அந்த ஷாஃப்ட்லதான் இறக்கை. அதனால மோட்டார் ஒரு பக்கம் சுத்துனா இறக்கை எதிர்ப்பக்கம் சுத்தும், இத மனசுல வெச்சுக்காம ஒயர் கலர மட்டும் பாத்து மோட்டார் வாங்குனா கொழப்பம்தான்.

ரெண்டு கியர் கையால சுத்துனா வழுக்கிட்டுப் போகுது, ஒண்ணு மட்டும் இறுக்கமா இருக்கு. லென்ஸ் வெச்சுப் பாத்தா ஷாஃப்ட்டுக்கும் கைக்கும் நடுவுல நீளத் தலைமுடி, அடுக்கடுக்கா சுத்தி, எண்ணெயும் தூசியும் சேந்து ஒரு கறுப்பு வளையமாவே ஆயிருக்கு. வெளிய இருந்து பாத்தா ஏதோ வாஷர்னுதான் நினைப்பீங்க. அக்கா விட்டுட்டுப் போன புருவ ட்வீசரையும் ஒரு ஊக்கையும் எடுத்து இழை இழையா உருவுனேன், வந்துக்கிட்டே இருந்துச்சு. தரையில எறக்கும்போதெல்லாம் கூட்டாத முடிய இழுத்துக்கும், பொண்ணுங்க இருக்குற வீட்டுல இந்த ட்ரோன் ஒரு பக்கமா சாய்ஞ்சு போனா நான் மொதல்ல பாக்குறது இங்கதான்.

நாலாவது, பின்பக்க எடது மோட்டார், செத்துப்போச்சா இல்ல போர்டுல கோளாறான்னு தெரியணும். மோட்டார கழட்டி பேட்டரியில நேரா ஒரு நொடி தொட்டுப் பாத்தேன், லேசா துடிச்சிட்டு நின்னுருச்சு, உள்ள பிரஷ் தேஞ்சுபோன அடையாளம். ஆனா போர்டயும் சும்மா நம்பக்கூடாது. ஒவ்வொரு மோட்டாருக்கும் கரன்ட்ட விட்டு நிறுத்துற ஸ்விட்ச் மாதிரி ஒரு மூணுகால் மாஸ்ஃபெட் இருக்கும், அது ஷார்ட் ஆயிருந்தா பேட்டரி சொருகுன உடனே கேக்காமலே மோட்டார் சுத்தும், அறுந்திருந்தா எவ்வளவு த்ராட்டில் (வேகம் கூட்டுற ஸ்டிக்) குடுத்தாலும் அசையாது. மொத வகை இல்லன்னு தெரிஞ்சுபோச்சு, ரெண்டாவது வகையப் பாக்க ரிமோட் வேணுமே. அங்கதான் நிக்குது.

கை விரிசலுக்கு ஃபெவிக்விக் விட்டு மேல ஆப்ப சோடா தூவுனேன். தூவுன நொடியே கல்லாயிடும், கொஞ்சம் சூடும் ஏறும், பொகை வரும், மூஞ்சியக் கிட்ட கொண்டு போகாதீங்க. அம்மா சோடா டப்பாவ திருப்பி வாங்கி மோந்து பாத்துட்டுதான் உள்ள வெச்சாங்க.

இன்னொன்னு, போர்டுல இருந்து வர்ற ஆன்டெனா ஒயர் பாதியில அறுந்து ஒரு பொட்டுதான் மிச்சம். 2.4 கிகாஹெர்ட்ஸ்ல அலைநீளம் சுமாரா 12 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல, அதுல கால்வாசி 31 மில்லிமீட்டர். பழைய சார்ஜர் ஒயர்ல இருந்து ஒரு மெல்லிசு இழைய அந்த அளவுக்கு வெட்டி பத்தவெச்சேன். நீளமா விட்டா சிக்னல் அதிகமா வரும்னு சில பேர் முழ நீளத்துக்கு இழுத்து விடுவாங்க, அது அப்படி வேலை செய்யாது.

மே 8, புதன்

கீழ்வீட்டுப் பையன்கிட்ட இதே எக்ஸ்5சி இருக்கு, ரிமோட்டும் இருக்கு. நம்மாளு போய் அவன்கிட்ட என்ன பேரம் பேசுனானோ, சாயங்காலம் ரிமோட்டோட வந்து நின்னான். முறைப்படி ரிமோட்ட ஆன் பண்ணி, ட்ரோன மட்டமான தரையில வெச்சு பேட்டரி சொருகி, த்ராட்டில மேல தள்ளி கீழ இறக்குனோம். ரிமோட் பீப்னு கத்துது, ட்ரோன் லைட் பாட்டுக்கு வேகமா மினுக்கிக்கிட்டே இருக்கு. அந்தப் பையனோட ட்ரோன வெச்சா உடனே சேருது.

பையன் "அப்போ நம்மளுது செத்துருச்சா மாமா"ன்னு மூஞ்சியத் தொங்கப்போட்டான். சாகலடா, ரெண்டும் வேற வேற பாஷை பேசுது. எக்ஸ்5சின்னு வந்ததுலயே மொதல்ல வந்தது ஒரு வகை, அப்புறம் வந்த எக்ஸ்5சி-1 இன்னொரு வகை. ஓடு ஒண்ணு, இறக்கை ஒண்ணு, ஆனா பழசுல ரேடியோ நொடிக்கு 1 மெகாபிட் வேகத்துல 16 பைட் தகவல் பாக்கெட்டா அனுப்பும், புதுசுல 250 கிலோபிட், 10 பைட். வேகமே ஒத்துப்போகலன்னா எதிராளி ஏதோ சொல்றான்னு கூட இதுக்குத் தெரியாது, வெறும் இரைச்சல்தான். நம்ம வெச்சிருக்கறது புதுசா இருக்கணும், கீழ்வீட்டுது பழசா இருக்கணும்னு என் கணக்கு.

பைண்ட் பண்றதுன்னா என்னன்னும் அவனுக்குச் சொன்னேன். ரிமோட் ஆன் ஆனதும் எல்லாருக்கும் பொதுவான சில ரேடியோ சேனல்ல "என் அஞ்சு பைட் முகவரி இது"ன்னு கத்தும், ட்ரோன் அத எழுதி வெச்சுக்கிட்டு அதுக்கப்புறம் அந்த முகவரி சொல்றத மட்டும்தான் கேக்கும், வேற சேனலுக்கு ரெண்டும் ஒண்ணா தாவிடும். இந்த வகையில பேட்டரி கழட்டி மாட்டுற ஒவ்வொரு தடவையும் புதுசா பைண்ட் ஆகணும். நமக்கு அதுதான் சௌகரியம், பழைய ரிமோட்டோட ஞாபகம் எதுவும் உள்ள மிச்சம் இருக்காது, சரியான பாஷையில யார் கூப்பிட்டாலும் வரும்.

மே 11, சனி

சென்னை எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெரு ரிச்சி ஸ்ட்ரீட் போனோம், ஞாயித்துக்கெழமை பாதிக் கடை சாத்தியிருக்கும்னு இன்னைக்கே. சென்ட்ரல்ல எறங்கி மெட்ரோவுல அரசினர் தோட்டம், அங்கேருந்து நடை. பத்து மணிக்கே மண்டைய பொளக்குது.

ஒரிஜினல் ரிமோட் மட்டும் தனியா எங்கயும் இல்ல. ஒரு கடையில "புதுசாவே வாங்கிக்கோங்க சார், இதெல்லாம் யார் சரி பண்றா"ன்னாங்க. அந்தப் பேச்சக் கேட்டாலே எனக்குப் பிடிக்காது. ஒழுங்கான வழி மல்டிபுரோட்டோகால் மாட்யூல், சிசி2500, ஏ7105, சிஒய்ஆர்எஃப்6936, என்ஆர்எஃப்24எல்01னு நாலு ரேடியோ சிப்பும் ஒரே போர்டுல இருக்கும், பழைய எக்ஸ்5சி புது எக்ஸ்5சி-1 ரெண்டும் பேசும், ஆனா ஒரு ஓசி ட்ரோனுக்கு அவ்வளவு செலவு பண்ண மனசு வரல. எங்கிட்ட ஏற்கனவே ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 ட்ரான்ஸ்மிட்டர், அதாவது வேற பிராண்டு ரிமோட், சும்மா கெடக்கு. அதுல இருக்கறது ஏ7105 சிப், சைமாவுக்கு வேணும்ங்கறது என்ஆர்எஃப்24 குடும்பம், அதனால நேரா பேசாது. நடுவுல ஒரு துபாஷி போடணும். ஆர்டுயினோ நானோ (கோட் ஏத்தி ஓட்டுற குட்டி போர்டு) வீட்டுல இருக்கு, என்ஆர்எஃப்24எல்01 ப்ளஸ் மாட்யூல் மட்டும் வாங்குனேன். ப்ளஸ் போட்டிருக்கான்னு பாத்து வாங்கணும், ப்ளஸ் இல்லாத பழைய சிப்புக்கு 250 கிலோபிட் வேகமே கெடையாது. கூடவே மோட்டார் ஜோடி, இறக்கை ஒரு செட், 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர், ஒரு 9 வோல்ட் பேட்டரி கிளிப்.

வர்ற வழியில பையனுக்கு ஒரு ரோஸ்மில்க். அவன் கேட்டது ட்ரோன் கடையில தொங்குன பெரிய ட்ரோன்.

மே 12, ஞாயிறு

ஐ6 பின்னாடி ட்ரெய்னர் போர்ட் இருக்கு, பழைய டிவி எஸ்-வீடியோ ஒயர் அதுல அப்படியே போய் உக்காரும். ஒரு முனைய வெட்டி, மெனுவுல ஸ்டூடண்ட் மோட் ஆன் பண்ணுனா எல்லா ஸ்டிக்கோட நெலமையும் பிபிஎம் சிக்னலா வெளிய வரும். ஒவ்வொரு சேனலும் (ஸ்டிக்கோட ஒரு அசைவு) 1000ல இருந்து 2000 மைக்ரோசெகண்டுக்குள்ள ஒரு துடிப்பு, வரிசையா ஒண்ணு பின்னாடி ஒண்ணு. ஆர்டுயினோ அந்த இடைவெளிய அளந்து, சைமா பாக்கெட்டா மாத்தி, ரேடியோ மாட்யூல் வழியா அனுப்பும். கோட் நான் எழுதல, கிட்ஹப்ல (கோட் பகிர்ற வெப்சைட்) ஏற்கனவே புண்ணியவான்க எழுதி வெச்சிருக்காங்க. ஆன் பண்ணும்போது ஸ்டிக்க எந்த மூலையில வெக்கிறோமோ அதுக்கேத்த புரோட்டோகால், அதான் அந்த பாஷை, எடுத்துக்கும். நான் எடுத்த கோட்ல எக்ஸ்5சி-1 மட்டும்தான் இருக்கு, பழசுக்கு வழியில்ல, அதனால என் கணக்கு தப்புன்னா இன்னைக்கே கதை முடிஞ்சுது.

ரேடியோ மாட்யூலுக்கு 3.3 வோல்ட்தான் குடுக்கணும், 5 குடுத்தா காலி. அப்படித்தான் குடுத்தேன், ஆனாலும் சேரல. ட்ரோன் லைட் ஒரு நொடி தயங்குன மாதிரி தெரியும், மறுபடி மினுக்கல். தயங்குதுன்னா ஏதோ காதுல விழுதுன்னு அர்த்தம், வேற பாஷையா இருந்தா அதுகூட இருக்காது. வாங்குன கெபாசிட்டர மாட்யூலோட பவர் கால்லயே, ரெண்டு காலுக்கும் குறுக்க, ஒட்டுன மாதிரி பத்தவெச்சேன். சிக்னல் அனுப்புற அந்தக் கணத்துல கரன்ட் சடார்னு இழுக்கும், நானோவோட 3.3 வோல்ட் அப்போ தொய்ஞ்சுடும், பாதிப் பாக்கெட் பாழாப்போகும். கெபாசிட்டர் அந்தக் குழிய நெரப்பும்.

மறுபடி பேட்டரி சொருகுனோம். மினுக்கி மினுக்கி, சட்டுனு நாலு லைட்டும் நெலையா நின்னுச்சு. பையன் போட்ட கத்துல அம்மா அடுப்ப விட்டுட்டு ஓடி வந்தாங்க.

மே 15, புதன்

இறக்கை கழட்டிட்டுதான் எல்லா சோதனையும். நல்ல மோட்டார ஒண்ணு எடுத்து பின்பக்க எடது எடத்துல பத்தவெச்சா சுத்துது, அப்போ மாஸ்ஃபெட் உயிரோட இருக்கு, மோட்டார்தான் போச்சு. புது மோட்டார் போட்டேன்.

அடுத்தது சேனல் வரிசை. ஃப்ளைஸ்கை எய்லரான் (பக்கவாட்டு), எலிவேட்டர் (முன்ன பின்ன), த்ராட்டில், ரட்டர் (திரும்பல்) இந்த வரிசையில அனுப்பும், அந்தக் கோட் மொதல்ல த்ராட்டில எதிர்பாக்குது. அப்படியே விட்டா வலது ஸ்டிக்க பக்கவாட்டுல லேசா தொட்டாலே நாலு மோட்டாரும் கர்ருனு எகிறும், இறக்கை மாட்டியிருந்தா விரல் போயிருக்கும். கோட்ல வரிசைய மாத்தி ஏத்துனேன்.

அப்புறம் பவர் பேங்க் விவகாரம். ஆர்டுயினோவ பவர் பேங்க்ல மாட்டி மேசையில ஓட்டிக்கிட்டிருந்தப்போ திடீர்னு எல்லாம் அணைஞ்சுடுச்சு. நானோவும் ரேடியோவும் சேந்து இழுக்கிற கரன்ட் ரொம்பக் கொஞ்சம், பவர் பேங்க் "போன் கழட்டிட்டாங்க போல"ன்னு தானா தூங்கிடுது. பறக்கும்போது இப்படி ஆனா மறுபடி மூணாவது மாடிக் கதைதான். 9 வோல்ட் பேட்டரிய நானோவோட வின் பின்னுக்கு (பவர் உள்ள போற கால்) மாத்திட்டேன், அதுக்குத்தான் கிளிப்.

மே 19, ஞாயிறு

வெயில் தாழ மொட்டமாடி. பையன் தானே இறக்கை மாட்டுறேன்னு அடம்புடிச்சு மாட்டுனான், த்ராட்டில் குடுத்தா ஒரு மூலை மட்டும் தரையக் கட்டிப்புடிச்சுக்கிட்டு ட்ரோன் குப்புற விழுது. இறக்கையில ஏ, பின்னு எழுதியிருக்கு பாரு, எதிரெதிர் மூலையில ஒரே எழுத்து வரணும், காத்து கீழ தள்ளணும்னு காமிச்சேன். மாத்துனதும் எழும்புச்சு, ஆனா எடது பக்கமா நழுவுது. மட்டமான தரையில வெச்சு ரெண்டு ஸ்டிக்கையும் கீழ் மூலைக்கு இழுத்துப் புடிச்சு கைரோவ (சாய்வ உணர்ற சென்சார்) மறுபடி செட் பண்ணுனோம், மிச்சத்த ரிமோட்ல இருக்குற ட்ரிம் பட்டன்ல சரிக்கட்டியாச்சு.

பக்கத்து மாடி மாமா எட்டிப் பாத்து "இதுக்கெல்லாம் லைசென்ஸ் வேணும்ல தம்பி, போலீஸ் வரப்போகுது"ன்னாரு. 2021 ட்ரோன் விதிப்படி 250 கிராம் வரைக்கும் நானோ வகை மாமா, ஓட்டுறதுக்கு லைசென்ஸ் வேணாம், இது நூறு கிராம் சொச்சம்தான்னேன். நம்பல. ஏர்போர்ட் பக்கம் கொண்டு போகாதன்னாரு, அது சரியான பேச்சு.

கேமராவ கழட்டி வெச்சுட்டோம், எடை கொறைஞ்சதுல நல்லா நிக்குது. தண்ணி டேங்க்கத் தாண்டி விட்டப்பவும் சிக்னல் அறுபடல, அந்த 31 மில்லிமீட்டர் ஒயர் போதும். பேட்டரி தீர்ற வரைக்கும் அவன் ஸ்டிக்கக் குடுக்கவே இல்ல, எனக்குக் கெடச்சது கடைசி அரை நிமிஷம், அதுவும் லைட் மினுக்க ஆரம்பிச்ச அப்புறம்.

அக்கா வர்ற வாரம் வந்து கூட்டிட்டுப் போறா. அதுக்குள்ள இந்தத் தொங்குற ஒயரையெல்லாம் ஒரு சோப்பு டப்பாவுக்குள்ள போட்டு ஐ6 முதுகுல ஒட்டணும். ட்ரான்ஸ்மிட்டரயும் சேத்து ஊருக்கு எடுத்துட்டுப் போறேங்கறான், அது மட்டும் நடக்காது. கீழ்வீட்டுப் பையன் வேற தன்னோடதயும் இதுல ஓட்டணும்னு கேக்க ஆரம்பிச்சிட்டான், அதுக்கு பழைய பாஷை வேணும், மல்டிபுரோட்டோகால் மாட்யூல் என்ன வெலைன்னு நாளைக்கு விசாரிக்கணும்.