ஒரு கல் போதாதா

நான் தீட்டுக்கல் விற்கிற கடையில் நிற்கிறவன். கத்தி தீட்ட முதல் செட் கல் கேட்டு வருகிறவர்களிடம் நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். 1000 நம்பர் கல் ஒன்று, 8000 ஒன்று (நம்பர் கூடக் கூடக் கல் நுணுக்கமாகும்), நடுவில் 4000 அல்லது 5000 இருந்தால் வேலை சுலபம், இதற்கெல்லாம் முன்னால் கல்லைச் சமப்படுத்த ஒரு வைரத் தட்டு. 12000-ஐ எல்லோரும் ஆசையாக எடுத்துப் பார்ப்பார்கள். அதை அப்புறம் வாங்கிக்கலாம் என்று தள்ளி வைத்துவிடுவேன். முதலாளிக்கு இதில் கொஞ்சம் வருத்தம், லாபம் அதில்தான். இந்தப் பேச்சைக் கவுண்டரில் நின்று பேசிப் பேசித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும் என்கிற அளவுக்கு ஆகிவிட்டது. மகனோடு கடைக்கு வந்த அந்தச் சவரத் தொழில் பெரியவரிடமும் அது அப்படித் தானாகத்தான் வந்தது.

கேட்டது அவரில்லை, மகன். தாத்தாவின் மடக்குச் சவரக் கத்தி ஒன்று, ஜெர்மனியின் ஸோலிங்கன் முத்திரை போட்டது, தகரப் பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடந்ததை எடுத்து வந்திருந்தார். சலூனுக்காக இல்லை. அங்கே எல்லாம் அரை பிளேடுதான், எய்ட்ஸ் பயம் வந்த காலத்திலேயே மாறிவிட்டார்கள். தாத்தா கத்தியில் தானே சவரம் செய்து பார்க்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. என்னென்ன கல் வேண்டும் என்று கேட்டார், நான் ஆரம்பித்தேன். 1000 கல்லில் பெவல் போட வேண்டும், அதாவது இரண்டு பக்கச் சரிவும் விளிம்பில் ஒழுங்காகச் சந்திக்க வேண்டும், அது அமையாவிட்டால் மேலே எந்தக் கல்லில் எவ்வளவு இழைத்தாலும் வீண் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது பெரியவர் 8000 கல்லைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"எங்கப்பா ஒரே கல்லுதானுங்க வெச்சிருந்தாரு. அப்புறம் வாரு. அவ்வளவுதான்." வார் என்றது, கல்லில் தீட்டிய விளிம்பை இழுத்துச் சீராக்குகிற தோல் பட்டையை.

நான் சொன்னது: "அது அந்தக் காலமுங்க. இப்ப அப்படியெல்லாம் பண்ண முடியாதுங்க."

அவர் கல்லைக் கீழே வைத்தார். அதற்குப் பிறகு பேசவில்லை. மகன் மூன்று கல்லும் தட்டும் வாங்கினார், கார்டு தேய்த்தார், போய்விட்டார்கள்.

சண்டையில்லை, சத்தமில்லை, வியாபாரமும் நடந்தது. இதில் என்ன இருக்கிறது என்று முதலாளி கேட்டார். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

என் பக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் கத்திக்கு ஒரு கல் போதாது. மார்க்கரால் விளிம்பில் கோடு போட்டு, 1000 கல்லில் ஒரே ஒரு இழுப்பு இழுத்து லென்ஸில் காட்டினேன். நடுவில் மை போயிருந்தது, அடிப்பக்கமும் நுனிப்பக்கமும் அப்படியே கறுப்பாக நின்றது. நுனியை ஒட்டித் துருவின் குழிகள் வேறு. சமையல் கத்தி மாதிரி கோணத்தை நாமே கையில் பிடித்துக் காட்டுகிற சமாச்சாரம் இல்லை இது. சவரக் கத்தியில் முதுகும் விளிம்பும் ஒரே நேரத்தில் கல்லில் படும், முதுகின் கனமும் அலகின் அகலமும் சேர்ந்து கோணத்தைத் தீர்மானிக்கும். அதனால்தான் கல் துளி குழிந்திருந்தாலும் விளிம்பு முழுக்கக் கல்லில் ஒரே சீராகப் படாது, அதனால்தான் வைரத் தட்டைப் பிடிவாதமாக விற்கிறேன். ஜப்பானியக் கணக்கில் 1000 கல்லின் துகள் ஏறக்குறைய 14 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 8000-இல் ஒரு மைக்ரானுக்குச் சற்று மேல். துருக் குழியை 8000-இல் எடுக்க உட்கார்ந்தால் கை ஓய்ந்துவிடும், 1000-இல் விட்ட கீறலோடு கன்னத்தில் வைத்தால் தோல் எரியும். இதெல்லாம் உண்மைதானே. ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை.

ஆனால் அவர் சொன்னதும் பொய்யில்லை, சங்கடம் அங்கேதான் வருகிறது. தினமும் சவரம் செய்கிறவர் பெவல் கெடும்வரை கத்தியை விடவே மாட்டார். நாலு முகத்துக்கு ஒரு தரம் வாரில் இழுப்பார், மந்தமாகிறது என்று கைக்குத் தெரிந்தால் கல்லில் சில இழுப்பு, மறுபடி வார். கல்லில் விளிம்பு முன்னே போக வேண்டும், வாரில் முதுகு முன்னே போக வேண்டும், இதை மாற்றிச் செய்தால் வாரே அறுந்துவிடும். அந்த மாதிரிக் கைக்கு நுணுக்கமான ஒரே கல் தாராளமாகப் போதும். அவ்வளவு ஏன், பெல்ஜியத்தில் ஆர்டென் பகுதியில் வெட்டி எடுக்கிற கோட்டிகியூல் என்கிற மஞ்சள் கல்லே இதற்குச் சாட்சி. அதற்குள் இருப்பது கார்னெட் மணிகள், உருவில் 8000-இன் துகளைவிடப் பெரியவை, ஆனால் பல முகங்களோடு உருண்டு இருப்பதால் ஆழமாகக் கீறாது. மேலே தேய்த்துச் சேறு எழுப்பினால் இரும்பை வேகமாகத் தின்னும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுச் சேற்றை நீர்க்கச் செய்துகொண்டே வந்தால் அதே கல் மெருகு போடும். பெவலிலிருந்து கடைசி இழுப்பு வரை ஒரே கல்லில் முடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரிந்துகொண்டேதான் "பண்ண முடியாதுங்க" என்றேன்.

சரி, தெரிந்திருந்தால் மட்டும் என்ன? முதல் முறை கல் பிடிக்கிற பையனிடம் சேற்றை நீர்க்கச் செய்கிற வித்தையைச் சொன்னால் கத்தியைக் கெடுத்துக்கொண்டு வந்து என் முன்னால்தான் நிற்பார். நம்பர் போட்ட கல் பழகுகிறவருக்கு நல்லது, எங்கே இருக்கிறோம் என்று தெரியும். நான் பதில் சொன்னது மகனுக்கு. ஆனால் பேசியது தகப்பனாரைப் பார்த்து.

தச்சர்களிடமும் இப்படித்தான் பேசுகிறேன், உளி தீட்டுவதைப் பற்றி என்னைவிட இரண்டு மடங்கு வயதானவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அவர்கள் விட மாட்டார்கள், "உனக்கென்ன தெரியும், கடையில நின்னுட்டு" என்று முகத்துக்கு நேராகச் சொல்வார்கள், அப்புறம் டீ வாங்கிக் கொடுப்பார்கள். இவர் சொல்லவில்லை. இதுவரை அடுத்தவர் கழுத்தில் நான் கத்தி வைத்ததில்லை, அவருக்கு அதுதான் வாழ்க்கை. எங்கள் பக்கத்து ஊர்களில் அவர் அப்பா காலத்தில் இந்தத் தொழில்காரர்களை எந்த வாசலில் நிறுத்தினார்கள், வயது பார்க்காமல் எப்படிக் கூப்பிட்டார்கள் என்பதும் தெரியாதவன் இல்லை நான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று ஒருவன் முடியாது என்றால் பேச்சை நிறுத்திவிடுவது அவருக்குப் பழக்கமாக இருந்திருக்கலாம். அல்லது நான் காட்டிய மைக் கோட்டைப் பார்த்து, சரிதான் என்று பட்டதால் பேசாமல் இருந்திருக்கலாம். அல்லது கால் வலித்திருக்கலாம், மகன் காசு, மகன் பாடு என்று விட்டிருக்கலாம். நான் ஏன் இதைப் பெரிதாக்குகிறேன் என்றுகூடத் தோன்றுகிறது.

அவர் அப்பாவின் அந்தக் கல் இன்னும் வீட்டில் இருக்கிறதா என்று கேட்டிருந்தால் பேச்சு வேறு பக்கம் போயிருக்கும். நுண்ணிய கல்லாக இருந்தால் 8000-ஐ விற்றிருக்கவே தேவையில்லை. சந்தையில் விற்கிற சொரசொரப்பான கார்பொரண்டம் கல்லாக இருந்தால் நான் விற்றது நியாயம். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் பின்னால் இரண்டு பேர் நிற்கும்போது வீட்டில் என்ன கல் இருக்கிறது என்று யார் விசாரிக்கிறார்கள்?

போன மாதம் ஒரு கல்லூரிப் பையன் வந்து ஒரு கல்லுக்குத்தான் காசு இருக்கிறது என்றான். ஒரு பக்கம் 4000, மறுபக்கம் 8000 உள்ள கல்லைக் கொடுத்து, கத்தியைக் கொண்டு வா, பெவல் நான் போட்டுத் தருகிறேன், அதற்குப் பிறகு கெடாமல் பார்த்துக்கொள்வது உன் வேலை என்று அனுப்பினேன். இது கடையா, சாணைப் பட்டறையா என்று முதலாளி கேட்டார். யோசித்தால் அன்றைக்கும் இதையே சொல்லியிருக்கலாம், அவர் சொன்ன ஒரு கல் கணக்கும் நின்றிருக்கும், மகனுக்கும் செலவு மிச்சம். ஆனால் ஆயுள் முழுக்கக் கத்தி பிடித்தவரிடம், அவர் அப்பாவின் கத்தியை வாங்கி, "கொடுங்க, நானே தீட்டித் தர்றேன்" என்று சொல்வது இன்னும் மோசமாகப் பட்டிருக்காதா?