பெற்றோருக்காகப் பழைய வீட்டைத் திருத்தும் பணி: இதுவரை செய்தவை

கும்பகோணத்தை அடுத்த கிராமத்தில் உள்ள எங்கள் வீடு தாத்தா காலத்தில் கட்டிய ஓட்டு வீடு. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், பின்கட்டு, கடைசியில் குளியலறையும் கழிப்பறையும் சேர்ந்த ஓர் அறை என்று நீளவாக்கில் அமைந்தது. அப்பாவுக்கு வயது எண்பதைக் கடந்துவிட்டது; பக்கவாதம் வந்து தேறிய பிறகு இடது கையிலும் காலிலும் பலம் குறைவு, நான்கு கால் வாக்கர் வைத்து நடக்கிறார். அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களிலும் மூட்டுத் தேய்மானம். இருவருக்கும் ஊரை விட்டுச் சென்னையில் என்னுடன் வந்து இருக்க விருப்பமில்லை. அவர்களை வீட்டுக்கு ஏற்றபடி மாற்ற முடியாது, வீட்டைத்தான் அவர்களுக்கு ஏற்றபடி மாற்ற வேண்டும் என்று முடிவு செய்து, விடுமுறை நாட்களில் ஊருக்குச் சென்று, எனக்குத் தெரிந்த மரவேலையை நானே செய்தும் மற்ற வேலைகளுக்குக் கொத்தனாரையும் வெல்டரையும் துணைக்கு வைத்துக்கொண்டும் சித்திரை மாதம் தொடங்கினேன். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் சுமார் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள், அவர்களில் 60 வயதைத் தாண்டியவர்களே அதிகம் என்பதைப் படித்த பிறகு, இந்த வேலையைத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

கடைக்குப் போவதற்கு முன் வீட்டுச் சுவர்களைப் பார்த்தேன். வெள்ளையடித்த சுவரில் சில இடங்களில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்ப் பிசுக்குடன் கறுத்த கறை படிந்திருந்தது: பின்கட்டு வாசலின் வலப்பக்கம், கழிப்பறைக் கதவை ஒட்டிய மூலை, முற்றத்திலிருந்து கூடத்துக்கு ஏறும் படியின் ஓரத் தூண். இவையெல்லாம் இருவரும் தினமும் தம்மையறியாமல் பிடித்துக்கொள்ளும் இடங்கள். எந்த இடத்தில் கைப்பிடி வேண்டும் என்று அம்மாவிடம் கேட்டால், "எனக்கு ஒன்றும் வேண்டாம்ப்பா, அப்பாவுக்கு மட்டும் போடு" என்பார். சுவரோ அவர் எங்கெல்லாம் தடுமாறுகிறார் என்பதைச் சொல்லிவிட்டது. கறை படிந்த ஒவ்வோர் இடத்திலும் சாக்பீஸால் குறியிட்டேன். உயரத்தை மட்டும் கறையை வைத்து முடிவு செய்யக் கூடாது. வெறும் சுவரைத் தோள் உயரத்தில் அழுத்தித்தான் நிற்க முடியும். கம்பியாக இருந்தால் உடலின் எடையைக் கீழ்நோக்கிச் செலுத்த வேண்டும். ஆகவே, செருப்பில்லாமல் நிற்க வைத்து, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு வரும் உயரத்தை அளந்தேன். அம்மாவுக்கு 30 அங்குலம், அப்பாவுக்கு 33 அங்குலம் வந்தது. பொதுவழியில் 32 அங்குலம் என்று வைத்துக்கொண்டேன்.

கம்பியின் பருமனில் வெல்டருடன் சிறிது வாதாட வேண்டியிருந்தது. படிக்கட்டுக் கைப்பிடிக்குப் போடும் 2 அங்குல ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாயே பார்வையாக இருக்கும் என்றார். ஆனால் வயதானவர்களின் விரல்கள் வளைந்து கட்டைவிரலைத் தொட வேண்டுமென்றால் ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலம்தான் சரி. சுவருக்கும் கம்பிக்கும் நடுவே விடும் இடைவெளியும் ஒன்றரை அங்குலம் போதும். அதற்கு மேல் விட்டால், கை நழுவும்போது முன்கை உள்ளே புகுந்து சிக்கிக்கொள்ளும்.

கம்பியைச் சுவரில் பொருத்துவதுதான் இந்தப் பணியிலேயே மிகுந்த கவனம் தேவைப்பட்ட இடம். எங்கள் வீட்டுச் சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. டிரில்லிங் மெஷினை வைத்ததும் எதிர்ப்பே இல்லாமல் உள்ளே இறங்கியது. துளையிலிருந்து சிவப்பும் வெள்ளையும் கலந்த மாவு கொட்டியது. பிளாஸ்டிக் பிளக்கை அடித்துத் திருகை முடுக்கினால் பிளக்கும் சேர்ந்தே சுழன்றது. துணி மாட்டும் கொக்கிக்கு அது போதலாம். ஓர் ஆள் சாயும்போது முழு எடையையும் தாங்க வேண்டிய கம்பிக்கு அதை நம்பவே கூடாது. ஆகவே 9 அங்குலச் சுவரை முழுவதுமாகத் துளைத்து, 10 மில்லிமீட்டர் மரையோடிய கம்பியை மறுபக்கம் வரை செலுத்தி, அங்கே உள்ளங்கை அகல இரும்புத் தகட்டை வைத்து நட்டால் இறுக்கினோம். இதனால் எடை ஒரு செங்கல்லின் மேல் விழாமல் சுவரின் ஒரு பரப்பின் மேல் பரவுகிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்க அணுகல் விதிகள் இத்தகைய கம்பி 250 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 113 கிலோ தாங்க வேண்டும் என்கின்றன. ஒவ்வொரு கம்பியிலும் நானும் தம்பியும் சேர்ந்து தொங்கிப் பார்த்த பிறகே பெற்றோரைத் தொடவிட்டோம். திருகு இல்லாமல் சுவரில் அழுத்தி ஒட்டவைக்கும்படி கடைகளில் விற்கும் காற்றுறிஞ்சிக் கைப்பிடிகளை யாரும் வாங்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். ஈரமும் சோப்பும் பட்ட டைல்ஸில் அவை எப்போது கழன்று வரும் என்று சொல்ல முடியாது.

அப்பாவுக்கு வலப்பக்கமே பலமான பக்கம் என்பதால் கழிப்பறைக் கம்பி அவர் உட்காரும்போது வலக்கைப் பக்கம் வரும்படி கோப்பையின் இடத்தையே மாற்றினோம். படிகளில் ஒரு பக்கக் கம்பி அவருக்குப் பயன்படாது. ஏறும்போது வலக்கைக்கு வரும் கம்பி இறங்கும்போது இடக்கைப் பக்கம் போய்விடும். ஆகவே எல்லாப் படிகளுக்கும் இருபுறமும் கம்பி வைத்தோம்.

குளியலறையைப் பற்றி வெளிநாட்டார் எழுதியவை அனைத்தும் ஷவரையும் குளியல் தொட்டியையும் மனத்தில் வைத்தே எழுதப்பட்டவை. எங்கள் வீட்டில் வாளியும் குவளையும்தான். தரையில் இருக்கும் வாளியிலிருந்து குனிந்து குனிந்து தண்ணீர் மொள்வதுதான் அம்மாவுக்குத் தலைசுற்றலை உண்டாக்குகிறது என்பதைக் கவனித்தேன். அதனால் 14 அங்குல உயரத்தில் கடப்பைக் கல் மேடை ஒன்றைக் கட்டி, வாளியை அதன் மேல் வைத்து, குழாயையும் அதற்கேற்ப உயர்த்தினோம். பக்கத்தில் ரப்பர் அடிகள் கொண்ட குளியல் நாற்காலி. இப்போது உட்கார்ந்தபடியே கை நீட்டினால் தண்ணீர் கிடைக்கிறது. இதுவரை செய்தவற்றில் செலவு மிகக் குறைந்ததும் அம்மாவுக்கு மிகவும் பிடித்ததும் இந்த மேடைதான்.

தரைக்கு ஓர் அடிக்கு ஓர் அடி அளவுள்ள சொரசொரப்பான டைல்ஸ் போட்டோம். சிறிய டைல்ஸில் இணைப்புக் கோடுகள் அதிகம், காலுக்கு அவையும் பிடிமானம் தரும். வழுக்குத் தடுப்பை R9 முதல் R13 வரை குறிக்கிறார்கள்; எண் கூடக் கூட வழுக்கல் குறையும். ஈரமான குளியலறைக்கு R11 கேட்டு வாங்குவது நல்லது. கொத்தனார் வாட்டத்தைக் கதவுக்கு எதிர்த் திசையில், ஐந்தடிக்கு ஓர் அங்குலம் என்று ரசமட்டம் வைத்துப் பார்த்து அமைத்தார். எவ்வளவு நல்ல டைல்ஸாக இருந்தாலும் எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் அது வழுக்கும். சனிக்கிழமைக் குளியலை நிறுத்தச் சொல்ல நமக்கு உரிமையில்லை. குளித்து முடித்ததும் சோப்புத் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவ, வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடம் சொல்லி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

குளியலறைக் கதவின் அகலம் இரண்டடியாக இருந்தது. 2021-இல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம் வெளியிட்ட அணுகல் வழிகாட்டி 900 மில்லிமீட்டர் திறப்பைக் கேட்கிறது. சுவரை உடைத்து லிண்டல் வைத்து அந்த அளவுக்கு அகலப்படுத்தினோம். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்றியது அதைவிட முக்கியம். உள்ளே ஒருவர் விழுந்தால் அவருடைய உடலே கதவை அடைத்துக்கொள்ளும், உள்பக்கம் திறக்கும் கதவை அப்போது தள்ளவே முடியாது. தாழ்ப்பாளும் வெளியிலிருந்து நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடியது. வெந்நீர் ஹீட்டரை 50 டிகிரியில் வைத்திருக்கிறேன். 60 டிகிரி வெந்நீர் சில நொடிகளிலேயே தோலைப் புண்ணாக்கும். இடப்பக்கம் உணர்வு குறைந்த அப்பாவுக்கு அது தெரியவும் செய்யாது. அந்த மின்னிணைப்புக்கு 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவியையும் எலக்ட்ரீஷியன் பொருத்திவிட்டார்.

தெருவாசலில் 30 அங்குல உயரத்துக்கு மூன்றே படிகள், ஒவ்வொன்றும் 10 அங்குலம். சாய்தளம் அமைக்கலாமா என்று முதலில் கணக்கிட்டேன். சக்கர நாற்காலிக்கு ஏற்ற 1:12 என்ற சரிவில் ஓர் அங்குல உயரத்துக்கு ஓர் அடி நீளம் வேண்டும்; 30 அடிக்கு நாங்கள் எங்கே போவது, சாக்கடையும் தெருவும் ஆறடியில் வந்துவிடுகின்றன. ஆகவே 6 அங்குல உயரமும் ஓரடி அகலமும் உள்ள ஐந்து படிகளாகப் பிரித்துக் கட்டினோம்.

தலைவாசல் நிலைப்படியில் அம்மா கை வைக்க விடவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கும் படி. அதை மிதிக்கக் கூடாது, சரிவுப் பலகையால் மூடவும் கூடாது. அவர் சொன்னதில் எனக்கும் உடன்பாடே. நிலையின் இரு கால்களிலும் பித்தளைக் கைப்பிடிகளைச் செங்குத்தாகத் திருகினேன். இருவரும் அவற்றைப் பிடித்துக்கொண்டு தாண்டுகிறார்கள். வேலை செய்யும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன்: கறுத்த தேக்கின் மேல் பூசிய மஞ்சள், மங்கிய கண்ணுக்கும் பளிச்சென்று தெரிகிறது. படி விளிம்புகளுக்கு மாறுபட்ட நிறம் வேண்டும் என்று வழிகாட்டிகள் சொல்வதும் இதற்காகத்தான். இருவரும் கால் இடறியதெல்லாம் நிறம் ஏதும் இல்லாத உள்வாசல்களில்தான். அந்த நிலைகளின் கீழ்க்கட்டையை அறுத்தெடுத்தால் பழைய நிலை விலகிவிடும் என்பதால், இரண்டரை அங்குல உயரத்துக்கு இருபுறமும் இரண்டரை அடி நீளச் சரிவுப் பலகைகளை இழைத்துப் பொருத்தி, விளிம்பில் மஞ்சள் பெயிண்ட் அடித்தேன். வாக்கர் இப்போது தூக்காமலேயே உருண்டு செல்கிறது.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, அறுபது வயதுக் கண்ணின் விழித்திரைக்கு இருபது வயதுக் கண்ணுக்குக் கிடைக்கும் ஒளியில் மூன்றில் ஒரு பங்குதான் போய்ச் சேருகிறது. கட்டிலிலிருந்து கழிப்பறை வரை கணுக்கால் உயரத்தில், ஆள் நடந்தால் எரியும் சிறு விளக்குகளை வைத்து, அவை அனைத்தையும் இன்வெர்ட்டருடன் இணைத்தோம். கண்ணில் நேராக அடிக்காமல் தரையில் மட்டும் விழும் வெளிச்சம் என்பதால் தூக்கமும் கெடுவதில்லை.

இன்னும் முற்றத்து வேலை மீதமிருக்கிறது. மழை பெய்தால் சாரல் தாழ்வாரம் வரை வந்து சிவப்புக் காவித் தரையை வழுக்கலாக்குகிறது; அந்தத் தரையைப் பெயர்க்க அப்பாவுக்கு மனமில்லை, எனக்கும் இல்லை. முற்றத்துக்கு மேல் கண்ணாடி நார்த் தகடு போடுவதா, தாழ்வாரத்தில் மட்டும் நடக்கும் வழியில் மூன்றடி அகலத்துக்குச் சொரசொரப்பான கல் பதிப்பதா என்று கொத்தனாருடன் பேசிக்கொண்டிருக்கிறேன். ஐப்பசி மழைக்கு முன் முடிக்க வேண்டும் என்பதால் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது இரண்டுக்கும் அளவெடுத்து, கல்லுக்கு முன்பணம் கொடுக்கலாம் என்றிருக்கிறேன்.