ஜெல் வைத்தும் வலி வராதது ஏன்?

“ஜெல் வைத்துப் பார்த்தார்கள், வலி வரவில்லை, ஆபரேஷன் செய்துவிட்டார்கள்” என்று, மருந்து கொடுத்துப் பிரசவ வலியைத் தூண்டிப் பார்த்த பேச்சு எங்கள் உறவில் அடிக்கடி அடிபடும். பெண் குனிந்து நிமிர்ந்து வேலை செய்யாததே காரணம் என்று யாராவது ஒரு பெரியம்மா தீர்ப்பும் சொல்லிவிடுவார். அண்மையில் என் சித்தி மகளுக்கு இதுவே நடந்தபோது, டிஸ்சார்ஜ் தாளில் ‘வலி தூண்டல் தோல்வி’ என்ற ஒற்றை வரிதான் இருந்தது. எத்தனை மணி நேரம் முயன்றார்கள், கருப்பை வாய் எவ்வளவு திறந்திருந்தது என்ற விவரம் எதுவும் இல்லை.

பிரசவ வலி என்றதும் கருப்பை சுருங்குவதைத்தான் நினைக்கிறோம்; ஆனால் அதற்கு முந்திய வேலை கருப்பை வாயில் நடந்தாக வேண்டும். கொலாஜன் இழைகள் நிறைந்த அந்த வாய், கர்ப்ப காலம் முழுவதும் மூக்கு நுனியைப் போல விறைப்பாக மூடியிருந்து, நாள் நெருங்கும்போது இழைகள் தளர்ந்து, நீர்ச்சத்து ஏறி, உதட்டைப் போல மெத்தென்று ஆகிறது. இந்தப் பக்குவம் வராத நிலையில், கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் மருந்தை ட்ரிப்ஸாக ஏற்றினால், வலி வந்தாலும் வாய் எளிதில் திறப்பதில்லை. அதனால்தான் வாயைப் பக்குவப்படுத்த முதலில் புரோஸ்டாகிளாண்டின் ஜெல் வைப்பதும், மிசோப்ரோஸ்டால் மாத்திரை தருவதும், சிறுநீர் எடுக்கப் பயன்படும் ஃபோலி குழாயை உள்ளே செலுத்தி அதன் பலூனில் நீரேற்றுவதும்.

வாய் எவ்வளவு பக்குவப்பட்டிருக்கிறது என்பதைக் கணக்கிட எட்வர்ட் பிஷப் என்ற மருத்துவர் 1964-இல் தந்த மதிப்பெண் முறையே இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. வாயின் திறப்பு, அது மெலிந்திருக்கும் அளவு, மென்மை, அமைந்திருக்கும் திசை, குழந்தையின் தலை இறங்கியிருக்கும் மட்டம் ஆகிய ஐந்தையும் விரலால் சோதித்து 13-க்கு இத்தனை என்று போடுகிறார்கள். 8-க்கு மேல் இருந்தால் தானாக வலி வந்தவரைப் போலவே சுகப்பிரசவத்துக்கு வாய்ப்பு உண்டு. 6 அல்லது அதற்குக் கீழே என்றால் முதலில் வாயைப் பக்குவப்படுத்த வேண்டும்.

கருப்பைத் தசையும் தயாராக இருக்க வேண்டும். ஆக்ஸிடோசினை உணரும் ஏற்பிகள் பிரசவம் நெருங்கும்போதுதான் அதில் பெருகுகின்றன. மருந்தை வெகுநேரம் விடாமல் ஏற்றினாலோ அவை மந்தப்பட்டுப்போகின்றன. தலைச்சன் பிரசவம், அதிக உடல் எடை, கூடிய வயது, பெரிய குழந்தை ஆகியவையும் வெற்றி வாய்ப்பைக் குறைக்கும். குனிந்து நிமிர்ந்து வேலை செய்யாதது இந்தப் பட்டியலில் இல்லை என்பதைப் பெரியம்மாக்கள் கவனிக்கவும்.

என் பார்வையில், இவை எல்லாவற்றையும்விடக் குறைவாகப் பேசப்படுவது கடிகாரம்தான். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்புகள் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தாயும் சேயும் நலமாக இருக்கும்வரை, வாய் 6 சென்டிமீட்டர் திறப்பதற்கு முந்திய தொடக்கக் கட்டம் 24 மணி நேரமோ அதற்கு மேலோ நீண்டாலும் பொறுக்கலாம். பனிக்குடம் உடைந்த பிறகு குறைந்தது 12 முதல் 18 மணி நேரம் ஆக்ஸிடோசின் கொடுத்துப் பார்த்த பின்னரே தோல்வி என்று முடிவு செய்ய வேண்டும். 6 சென்டிமீட்டர் திறந்த பிறகு பிரசவம் நின்றுபோனால் அது வேறு சிக்கல். குழந்தையின் இதயத் துடிப்பு குறைந்தாலோ தாய்க்குக் கிருமித்தொற்று வந்தாலோ காத்திருக்க முடியாது. அப்போது அறுவைக்குக் காரணம் அதுவே, தூண்டல் தோல்வி அன்று. தூண்டினாலே ஆபரேஷனில்தான் முடியும் என்ற அச்சத்துக்கும் ஆதாரம் வலுவாக இல்லை: சிக்கலற்ற தலைச்சன் கர்ப்பிணிகளிடம் அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான பெரிய ஆய்வில், 39-ஆம் வாரத்தில் தூண்டப்பட்டவர்களில் 18.6 சதவீதத்தினருக்கும், காத்திருந்தவர்களில் 22.2 சதவீதத்தினருக்கும் சிசேரியன் நடந்தது.

ஆகவே, ஜெல் வைக்கும் முன் மதிப்பெண் எவ்வளவு என்று கேளுங்கள். முதல் முயற்சி பலிக்காமல், பனிக்குடமும் உடையாமல், அவசரமும் இல்லாமல் இருந்தால், சற்று ஓய்வு கொடுத்து மறுபடி முயலலாமா என்றும் கேட்கலாம். அறுவை நடந்துவிட்டால், எந்த மருந்து, எத்தனை மணி நேரம், எத்தனை சென்டிமீட்டர் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். கருப்பையில் தழும்பு உள்ளவருக்கு அடுத்த பிரசவத்தில் மிசோப்ரோஸ்டாலைத் தவிர்ப்பார்கள். சுகப்பிரசவத்துக்கு முயலலாமா என்று முடிவு செய்ய அன்றைய மருத்துவருக்கு அந்த விவரங்கள் தேவைப்படும்.