செனுவாவைக் காதால் விளையாடுங்கள்

'ஹெல்பிளேட்: செனுவாஸ் சேக்ரிஃபைஸ்' (நிஞ்ஜா தியரி, 2017) என்ற வீடியோ விளையாட்டை டிவி ஸ்பீக்கரில் ஆடினால் பாதி விளையாட்டு கைக்கு வராது. கதாநாயகி செனுவாவின் காதில் ஓயாமல் பேசும் குரல்களை, இரண்டு காதிலும் மைக் வைத்த பொம்மைத் தலையைச் சுற்றிப் பேசவைத்துப் பதிவு செய்தார்கள். ஒன்று பிடரியில் முணுமுணுக்கும், இன்னொன்று இடது காதோரம் சிரிக்கும்.

சாதாரண வயர் ஹெட்ஃபோன் போதும். இடம் வலம் மாற்றிப் போடாதீர்கள். சுற்றிலுமிருந்து ஒலி வருவதுபோல் காட்டும் 7.1 சரவுண்ட் வசதியை அணைத்துவிடுங்கள். திசை ஏற்கெனவே ஒலிக்குள் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு திசையைப் பூசினால் எல்லாக் குரலும் குழம்பிவிடும்.

திரையில் உயிர்க்கோடு (எவ்வளவு உயிர் மிச்சம் என்று காட்டும் பட்டை) கிடையாது, சொல்லிக்கொடுப்பாரும் இல்லை. சண்டையில் 'பின்னால்!' என்று கத்தும் குரலை அப்படியே நம்பி, திரும்பிப் பார்க்காமல் விலகுங்கள். பார்த்துவிட்டு விலகலாம் என்றால் அதற்குள் அடி விழுந்திருக்கும். நடக்கும்போது மட்டும் 'போ' என்று ஒன்றும் 'திரும்பு' என்று ஒன்றும் சொல்லும். அங்கே நம்ப வேண்டாம்.

பூட்டிய கதவில் ரூன் என்ற பழைய வடஐரோப்பிய எழுத்து இருக்கும். அதே வடிவம் உத்தரம், நிழல், மரக்கிளை என எங்கேயாவது ஒளிந்திருக்கும். சரியான இடத்தை நெருங்கினால் அந்த எழுத்துகள் கண்முன் மிதக்கும். அங்கே நின்று குவியப் பொத்தானை (பிளேஸ்டேஷனில் ஆர்2) அழுத்திப் பிடியுங்கள். வடிவம் கண்ணுக்குத் தெரிந்தும் பதியவில்லையா? நிற்கும் இடம்தான் தப்பு, இரண்டடி தள்ளிப் பாருங்கள். முதலில் வரும் இரண்டு வாசல்களில் எதில் வேண்டுமானாலும் நுழையலாம். வால்ராவனின் வாசல் கண்கட்டு வித்தை, நிதானமாக ஆடலாம். சுர்ட்டின் வாசல் நெருப்பு, ஓடத் தெரிய வேண்டும்.

தோற்கத் தோற்கக் கையில் கருமை ஏறும், தலையைத் தொட்டால் எல்லாம் அழியும் என்று விளையாட்டு மிரட்டும். மிரட்டல்தான், சேமித்தது அழியாது. ஆனால் நாமாகச் சேமிக்க வழியில்லை, விளையாட்டு தானாகத்தான் சேமிக்கும். லோட்ஷெடிங் (மின்வெட்டு) நாளென்றால் அட்டவணையைப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

தென்னாப்பிரிக்காவில் நம் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பிள்ளை 'குரல் கேட்குது' என்றால் செய்வினையா, பேயா என்ற பேச்சு முடிந்த பிறகே டாக்டர் ஞாபகம் வரும். செனுவாவின் அப்பாவும் அதைச் சாபம் என்றுதான் சொல்கிறார். கேம்பிரிட்ஜ் மனநலப் பேராசிரியர் பால் பிளெட்சரும், குரல் கேட்கும் அனுபவமுள்ளவர்களும் ஆலோசனை சொல்லி உருவானது இந்த விளையாட்டு. பேயை வைத்துப் பயமுறுத்தும் வேலை இதில் இல்லை என்பது அதனால்தான்.

குரல் கேட்பவர்கள், இப்போது மனம் தடுமாறியிருப்பவர்கள் தனியாக இரவில் ஆட வேண்டாம். மெனுவிலேயே உருவாக்கம் பற்றிய 25 நிமிட ஆவணப்படம் உண்டு. கதையை உடைத்துவிடும், முடித்த பிறகே பாருங்கள்.