தமிழ்நாட்டு மருமகளுக்கு வங்கிக் கணக்கு

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீடுகளுக்கு வாழ வந்த தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இது. கூட்டுக் கணக்கு போதாதும்மா, உங்க பேரிலேயே ஒன்று வேணும். கடப்பிதழ் (பாஸ்போர்ட்), நீண்டகால சமூக வருகை பாஸ் (கணவரோடு இங்கே தங்க மலேசியா தரும் அனுமதி), திருமணச் சான்றிதழ், கணவரின் அடையாள அட்டை, எல்லாம் அசலாக எடுத்துப் போங்க. கணவரும் கூட வரட்டும்.

அதிகம் சிக்குவது கடப்பிதழைப் புதுப்பிக்கும்போதுதான். எண் மாறிடும், வங்கியில் இருப்பதோ பழைய எண். பாஸ் தேதியும் முடிந்து கிடந்தால் கணக்கே முடங்கலாம். இரண்டு கடப்பிதழையும் கொண்டுபோய் உடனே மாற்றுங்க. பழையதை வீசிடாதீங்க, பாஸ் அதில்தான் ஒட்டியிருக்கும்.

ஊரில் உள்ள சேமிப்புக் கணக்கை இந்தியச் சட்டப்படி என்.ஆர்.ஓ.வாக (வெளிநாட்டில் வாழும் இந்தியர், இந்தியாவில் வரும் பணத்துக்கு வைக்கும் கணக்கு) மாற்றியாகணும். அதன் வட்டியில் பொதுவாக 30 விழுக்காட்டுக்கு மேல் வரி பிடிப்பாங்க. இங்கிருந்து அனுப்பும் பணத்தை என்.ஆர்.இ.யில் (வெளிநாட்டுப் பணத்துக்கான கணக்கு) போடுங்க, வட்டிக்கு இந்தியாவில் வரி கிடையாது.