நிவெர்னே கால்வாய்க்கரையில் நான்கு நாள்: பெந்தெகொஸ்தே விடுமுறைக் குறிப்புகள்

7 ஜூன் 2025, சனி
ஓசேர் – ஷாத்தெல்-சான்சுவார், சுமார் 47 கி.மீ.

நாளை பெந்தெகொஸ்தே ஞாயிறு. மறுநாள் திங்கள் அரசு விடுமுறை. பிரான்சின் நாட்டுப்புறத்தில் தனியாக சைக்கிள் ஓட்டுபவர் காலண்டரில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். ஞாயிறு காலை சில ஊர்களில் ரொட்டிக்கடை, அதாவது பூலான்ஜெரி, மதியம் வரை திறந்திருக்கும். அதன்பின் செவ்வாய் காலைவரை எதுவும் கிடைக்காது என்று கணக்கு வைத்துக்கொள்வதே நல்லது. வழக்கமான வாரத்திலும் பல ஊர்களில் திங்கள் அன்று கடை அடைப்பு. சின்னக் கடைகள் மற்ற நாட்களிலும் மதியம் 12 அல்லது 12.30க்கு மூடி, 2.30க்கு மேல்தான் திறக்கும். ஒரு நாளில் எத்தனை கி.மீ. போவது என்பதைத் தொடையின் வலுவைவிட இந்த நேரங்கள்தான் தீர்மானிக்கின்றன.

ஓசேரில் காலை 8 மணிக்கு வாங்கியவை: ஒரு கிலோ நாட்டு ரொட்டி, கால் கிலோ கோந்தே சீஸ், அரை கிலோ கூஸ்கூஸ் ரவை, மத்தி மீன் டின் நான்கு, வெங்காயம் இரண்டு, ஒரு கை நிறையச் செர்ரி. பகெத் ரொட்டி வாங்கிய அன்றே சாப்பிடத்தான் லாயக்கு, மாலைக்குள் விறைத்துவிடும். புளித்த மாவில் செய்த கனத்த நாட்டு ரொட்டி மூன்று நாள் தாங்கும். கடையில் துண்டு போடட்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்று சொல்லிவிடவேண்டும். துண்டு போட்டது சீக்கிரம் காய்ந்துபோகும். கெட்டியான கோந்தே வெயிலில் கொஞ்சம் வியர்த்தாலும் கெடாது. மென்மையான கமம்பேர் சீஸ் பையையே நாசமாக்கிவிடும்.

கூஸ்கூஸுக்கு ஒரு காரணம் உண்டு: சம அளவு வெந்நீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடிவைத்தால் போதும். பச்சைப் பருப்பு வேக இருபத்தைந்து நிமிடம் ஆகும், கேஸ் தாங்காது. காற்றில்லாத இடத்தில் ஒரு லிட்டர் நீர் கொதிக்க 12 முதல் 15 கிராம் கேஸ் செலவாகும். 230 கிராம் டப்பாவுக்கு பதினைந்து லிட்டர்போல வரும். டப்பா வாங்கும்போது கவனம்: ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இருப்பது அழுத்திப் பொருத்தும் நீல டப்பா. திருகு மரை அடுப்புக்கு அது சேராது. அடாப்டர் இல்லாவிட்டால் பெரிய விளையாட்டுப் பொருள் கடையில் திருகு டப்பா கிடைக்கும்போதே வாங்கிக்கொள்ள வேண்டும்.

நிவெர்னே கால்வாய் ஓசேரிலிருந்து தெசீஸ் பக்கம் லோவார் ஆறுவரை 174 கி.மீ. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் தோண்டத் தொடங்கியது, பாரிஸுக்கு விறகு கொண்டுபோகத்தான். அந்தக் காலத்தில் படகை இழுத்தவர்கள் நடந்த கரைப்பாதையே இன்று சைக்கிள் பாதை. இன்றைய பகுதி முழுக்கச் சமதளம். யோன் ஆற்றுக்கு எதிர்த்திசையில் போகிறோம், ஆகவே ஒவ்வொரு நீர்ப்பூட்டிலும், அதாவது நீர்மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவடைப்பிலும், இரண்டு மூன்று மீட்டர் ஏற்றம். சில நொடி மிதித்தால் முடிந்துவிடும். மாயி-லெ-ஷாத்தோவைத் தாண்டியபின் சோசுவாப் பாறைகள் ஆற்றோரம் செங்குத்தாக எழுகின்றன. பாறை ஏறுபவர்கள் கயிற்றில் தொங்குவதை நின்று பார்க்கலாம்.

டயர் 40 மி.மீ., காற்று பின்னால் 3.5 பார், முன்னால் 3. ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 105 கிலோவுக்கு இது சரியாக இருக்கிறது. தார்ப்பாதை முடிந்து இறுக்கிய சுண்ணாம்புச் சரளை தொடங்கும் இடத்தில் 5 பார் வைத்திருப்பவர் கை மரத்துப்போவதை உணர்வார்.

8 ஜூன், ஞாயிறு
ஷாத்தெல்-சான்சுவார் – ஷித்ரி, சுமார் 46 கி.மீ.

கால்வாய்க் கரையில் கூடாரம் போட்டால் காலையில் உள்பக்கம் சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். நீரோரத்தில் இரவுக் காற்று ஈரமாகவும் அசைவின்றியும் இருக்கும். மூச்சிலிருந்து வரும் ஆவியும் சேர்ந்து வெளித் துணியில் படிந்துவிடும். இருபது மீட்டர் தள்ளி, ஓரடி மேடான இடம் கிடைத்தாலே பாதி குறையும். கூடாரத்தின் மேலுள்ள காற்றுத் திறப்பு இரண்டையும் திறந்தே விடவேண்டும். நனைந்த வெளித்துணியைத் தனிப் பையில் சுருட்டி, மதியம் பாலத்துக் கைப்பிடிச் சுவரில் விரித்தால் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும்.

கிளாம்சி 14 கி.மீ. பத்தரைக்குள் சேரும்படி ஏழேமுக்காலுக்கே புறப்பாடு. ரொட்டிக்கடை திறந்திருந்தது. இன்னொரு கிலோ. இந்த ஊர் விறகு மிதப்புக்குப் பேர்போனது: மோர்வான் காடுகளில் வெட்டிய கட்டைகளை ஓடைகளில் விட்டு, இங்கே பிடித்துத் தெப்பமாகக் கட்டி, யோன், சேன் ஆறுகள் வழியே பாரிஸுக்கு ஓட்டிப்போவார்கள். பாலத்தில் தெப்பக்காரர் சிலை ஒன்று நிற்கிறது.

கிளாம்சிக்குப் பிறகு தண்ணீருக்கு வழி கல்லறைத்தோட்டம்தான். ஏறத்தாழ எல்லாக் கிராமத்துக் கல்லறையிலும் பூச்செடிக்கு ஊற்ற வாசலருகே குழாய் இருக்கும். பெரும்பாலும் ஊர்க் குடிநீர்தான். 'நோன் போத்தாபிள்' என்று எழுதியிருந்தால் குடிக்கக்கூடாது. கால்வாய் நீரை வடிகட்டியும் குடிக்கவேண்டாம். கைவடிகட்டி கிருமியைப் பிடிக்கும், வயல்களிலிருந்து வழியும் பூச்சிமருந்தைப் பிடிக்காது. முக்கால் லிட்டர் பாட்டில் இரண்டும், ஒன்றரை லிட்டர் பாட்டில் ஒன்றும் காலியாகுமுன்பே நிரப்பவேண்டும். மூடியிருக்கும் ஊர்களில் குழாய் தேடி அலைவதில் ஒரு மணி நேரம் போய்விடும்.

மாலையில் செயின். சுண்ணாம்புத் தூசி எண்ணெயோடு சேர்ந்து வெள்ளைக் களிம்பாகிவிடுகிறது. அதன்மேல் மறுபடி எண்ணெய் விட்டால் சாணைக்கல்தான். முதலில் உலர்ந்த பிரஷ், பிறகு பழந்துணி, கடைசியில் மெழுகு வகை எண்ணெய், கண்ணிக்கு ஒரு சொட்டு. கேரியர் போல்ட் நான்கையும் 4 மி.மீ. அலன் கீயால் தொட்டுப் பார்ப்பது தினமும் நடக்கவேண்டிய வேலை. சரளையின் அதிர்வில் தளர்வது அவைதான், விழுந்தால் கல்லில் கண்டுபிடிக்க முடியாது. எம்5 போல்ட் நான்கு உபரியாகப் பையில்.

9 ஜூன், திங்கள், விடுமுறை
ஷித்ரி – ஷாத்தியோன்-ஆன்-பசுவா, சுமார் 30 கி.மீ.

முழுப் பயணத்திலும் அழகான பகுதி இதுதான். வேகமாகக் கடந்துவிடக் கூடாது. சார்தியில் நாலு கி.மீ.க்குள் 16 நீர்ப்பூட்டுகள் படிக்கட்டு போல. மேலே கால்வாயின் உச்சி, ஏறத்தாழ 260 மீட்டர் உயரம். சேன் படுகைக்கும் லோவார் படுகைக்கும் நடுவில் இருக்கும் மேடு அது. அங்கே படகுகள் லா கொலான்செல் சுரங்கங்களுக்குள் போகின்றன. மூன்றில் நீளமானது 758 மீட்டர். உள்ளே கரைப்பாதை கிடையாது. சைக்கிள் வழி மேலேறி ஊரைச் சுற்றி, 'பாய்' என்ற பெயருள்ள ஏரிக்கு இறங்கும். சுரங்கத்தின் வாயருகே பாறையை வெட்டிய பள்ளத்தில் பாசியும் பெரணியும் அப்பிக் கிடக்கின்றன. ஜூன் மதியத்திலும் குளிர்.

இந்த ஏற்றத்தில் பின்சக்கரத்தில் ஒரு ஸ்போக்ஸ் (சக்கரக் கம்பி) அறுந்தது. வலப்பக்கம், ஹப் எனும் சக்கர நடுக்குடத்தருகே கம்பி வளையும் இடத்தில். பாரத்தைத் தாங்காமல் அறுந்தது என்பார்கள், பெரும்பாலும் காரணம் அதுவல்ல. சக்கரம் சுற்றும்போது தரையைத் தொடும் இடத்தில் ஸ்போக்ஸ் கொஞ்சம் தளர்ந்து மறுபடி இறுகும். 40 மி.மீ. டயர் நூறு கி.மீ.க்குச் சுமார் 45,000 முறை சுற்றுகிறது. இழுவிசை சீராக இல்லாத சக்கரத்தில் அத்தனை தடவை வளைந்து வளைந்து கம்பி சோர்ந்துபோகும். புதுச் சக்கரத்தை மூட்டை ஏற்றுமுன் ஒரு நல்ல மெக்கானிக்கிடம் கொடுத்து இழுவிசையைச் சீராக்கச் சொன்னால் இதில் பெரும்பகுதி நடக்காது. பாரப் பயணத்துக்கு 36 ஸ்போக்ஸ் சக்கரமே ஏற்றது.

இன்று எந்த சைக்கிள் கடையும் திறந்திருக்காது. வலப்பக்கத்து ஸ்போக்ஸை மாற்ற கேசட்டை, அதாவது பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கை, கழற்றவேண்டும், அதற்கான கருவியைச் சாலையில் பெரும்பாலோர் சுமப்பதில்லை. ஆகவே கெவ்லார் எனும் வலுவான செயற்கை இழை நூலாலான ஸ்போக்ஸ்: ஹப் துளையில் நூலை நுழைத்து, மறுமுனையை ரிம்மில் (சக்கர வளையத்தில்) உள்ள பழைய நிப்பிளில், அதாவது கம்பியை இறுக்கும் சின்ன மரையில், கோத்து இறுக்கினால் முடிந்தது. கேசட்டைத் தொடவே வேண்டாம்.

நூலும் இல்லாதவருக்கு: வலக் கம்பி அறுந்தால் அந்த இடத்தில் ரிம் இடப்பக்கம் விலகும். அறுந்ததற்கு இருபுறமும் உள்ள இடப்பக்கத்துக் கம்பிகள் இரண்டையும் அரைச் சுற்று தளர்த்தினால் போதுமான அளவு நேராகும். ஹப்பிலிருந்து ரிம்மை நோக்கிப் பார்க்கையில் நிப்பிளை வலஞ்சுழியாகத் திருப்பினால் தளரும், இடஞ்சுழியாக என்றால் இறுகும். தலைகீழாக நினைத்துத் திருப்பி இன்னொரு கம்பியை அறுப்பவர்கள் உண்டு, அதனால் கால் சுற்று திருப்பி ரிம்மைச் சுற்றிப் பார்க்கவேண்டும். பின் பையிலிருந்து தண்ணீர், டின், ரொட்டி முன் பைக்கு. கிட்டத்தட்ட ஐந்து கிலோ குறைந்தது.

இரவுச் சாப்பாடு மத்தி மீனும் கூஸ்கூஸும். ரொட்டி இன்னும் முன்னூறு கிராம் மீதி.

10 ஜூன், செவ்வாய்
ஷாத்தியோன் – தெசீஸ், சுமார் 51 கி.மீ.

ஆரோன் ஆற்றோடு இறக்கம், இறக்கம் என்பதே தெரியாத இறக்கம். புல் வளர்ந்த பகுதிகளில் நின்று சாப்பிட்டவர்கள் மாலையில் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் மூன்றையும் உண்ணிக்காகப் பார்க்கவேண்டும். மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னக் கொக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து மெல்லச் சுழற்றி எடுப்பது. எண்ணெய் தடவுவது, சூடு வைப்பது கூடாது. லைம் நோய்க் கிருமி ஏற நேரம் எடுக்கும், அன்றே எடுத்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும்.

கரைப்பாதையை விட்டு மாவட்டச் சாலைக்கு வந்தால் ஒரு விதி: பலகை எதுவும் இல்லாத சந்திப்பில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முன்னுரிமை. டிராக்டரானாலும் சந்துக்குள்ளிருந்து நிற்காமல் வரும், அது அவர் உரிமை. மஞ்சள் வைரப் பலகை இருந்தால் நம் சாலைக்கு முன்னுரிமை. ஊருக்கு வெளியே முந்தும் வண்டி சைக்கிளிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளிப் போகவேண்டும், பெரும்பாலானோர் போகிறார்கள். இருட்டிலும் மூட்டத்திலும் ஊருக்கு வெளியே ஒளிரும் மேற்சட்டை கட்டாயம்.

செர்சி-லா-தூரில் பூலான்ஜெரி திறந்திருந்தது. பகெத் ஒன்று, சூடாக, கையில் பிடித்துக்கொண்டே பாதி தீர்ந்தது. தெசீஸ் 16 கி.மீ. லோவார் ஆற்றுத் தீவில் உள்ள ஊர். நெவேருக்கு வட்டார ரயில் உண்டு, சைக்கிளை ஏற்றலாம். கெவ்லார் நூல் தாங்கியது. ரிம் இரண்டு மி.மீ. ஆடுகிறது, நாளை நெவேரில் 36 கம்பியையும் சரிபார்க்கக் கொடுக்கவேண்டும்.