கழற்றும் வேலை

சென்னையில் ஹோட்டல்களுக்கு அடுப்பு, கிரைண்டர், புகைபோக்கி எல்லாம் பொருத்திக் கொடுப்பது என் தொழில். கடையை மூடினால் அதே சாமான்களைக் கழற்றி விலைக்கு எடுப்பதும் நாங்கள்தான். ஒரே கடையில் பால் காய்ச்சும் நாளிலும் நின்றிருக்கிறேன், ஷட்டரை இழுத்து மூடிய நாளிலும் நின்றிருக்கிறேன்.

திறப்பு நாளில் யாரிடமும் கணக்குப் பேச முடியாது. முதலாளியின் அம்மா அடுப்புக்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருப்பார். அதனால் இப்போதெல்லாம் அளவெடுக்கப் போகும்போதே கேட்டுவிடுகிறேன்: பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்து, மிச்சத்தை விளக்குக்கும் சுவருக்கும் கொட்டியபிறகு, ஆறு மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறதா? பலர் முகம் சுளிக்கிறார்கள். பரவாயில்லை. முதல் மூன்று மாதம் வருவது புதுக்கடையைப் பார்க்க வரும் கூட்டம். அது வடிந்தபிறகு வருகிறவர்தான் வாடிக்கையாளர். அதற்குள் சாம்பார், குழம்பு வைக்கும் சரக்கு மாஸ்டர் வேறு கடைக்குப் போய்விட்டால் ருசியும் அவரோடு போய்விடும்.

சாப்பாடு சரியில்லாமல் மூடிய கடைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. வாடகை ஒப்பந்தம் முடிந்ததால் மூடியவைதான் நிறைய. கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 1962 முதல் 2008 வரை ஓடியது. காரில் உட்கார்ந்தபடியே தோசை சாப்பிட மரத்தடியில் வண்டிகள் நிற்கும். ஆனால் நிலம் கடையுடையது அல்ல. அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. 2010இல் அங்கே செம்மொழிப் பூங்கா வந்துவிட்டது. 46 வருடம் ஓடிய கடைக்கே அந்த நிலை என்றால் மூன்று வருட ஒப்பந்தத்தில் உட்கார்ந்திருப்பவர் என்ன செய்வார்?

2020இல், கொரோனா ஊரடங்கில், பொருத்தும் வேலையே இல்லை, கழற்றும் வேலைதான். பார்சல் மட்டும் கொடுக்கலாம் என்றார்கள். நாலு மேஜை போட்டு டிபன் விற்றவருக்குப் பார்சலில் வந்தது வாடகைக்குக்கூடக் காணவில்லை. வடபழனிப் பக்கம் அப்படி ஒரு கடை. முதலாளி வரவில்லை, பார்க்க மனசு தாங்காது என்று சாவியைக் கொடுத்தனுப்பியிருந்தார். தோசை மாஸ்டர் மட்டும் காத்திருந்தார்.

"அண்ணே, எல்லாத்தையும் எடுத்துக்குங்க. கல்லை மட்டும் எனக்குக் குடுத்துடுங்க."

எடைக்குப் போட்டால் அது பழைய இரும்புதான். ஆனால் எட்டு வருடம் எண்ணெயும் வெங்காயமும் தேய்த்துப் பழக்கிய கல். புதுக்கல்லில் மாவு ஒட்டும், பிய்யும், வழிக்கு வர நாளாகும். பணம் நீட்டினார், வாங்க மனசு வரவில்லை. இரண்டு பேர் பிடித்துத் தூக்கி, எங்கள் வண்டியிலேயே அவர் அறைவரை கொண்டுபோய் இறக்கினோம். மற்ற சாமான்கள் ஒவ்வொன்றாக வேறு கடைகளுக்குப் போயின. அந்தக் கிரைண்டர் எங்கே இருக்கிறது என்று இன்றும் சொல்வேன்.

போன மாதம் அவரே கூப்பிட்டார். அம்பத்தூரில் சின்ன இடம், சொந்தக் கடை. இரண்டு பர்னர், ஒரு கிரைண்டர், ஒரு இட்லிக் கொப்பரை, பழையதே போதும் என்றார். கல் வேண்டாமா என்று நான் கேட்கவில்லை. அட்வான்ஸ் எத்தனை மாதம் என்றுதான் கேட்டேன்.

"பேசி அஞ்சா குறைச்சுட்டேன் அண்ணே" என்றார்.